மரபை யார் உடுத்துவது? ஆப்பிரிக்க ஆடைக்கலையின் அறுபது ஆண்டுகள்

செவிலியர் படிப்புக்காக 1953இல் நைஜீரியாவிலிருந்து லண்டன் சென்ற ஷாடே தாமஸ்-ஃபாம், அந்நகரத்துக் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் நின்ற ஆடைகளைப் பார்த்து மனம் மாறினார். மருத்துவமனையை விட்டு ஆடை வடிவமைப்புக்குப் போய், செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் பயின்றார். 1960இல் நாடு விடுதலை பெற்ற வேளையில் லாகோஸ் திரும்பி, சொந்தமாகத் தையலகமும் கடையும் தொடங்கினார். படித்த நகரத்துப் பெண்கள் பலர் வேலைக்கும் விருந்துக்கும் ஐரோப்பிய கவுனே தகும் என்று நம்பிய காலம் அது. யொருபாப் பெண்கள் இடுப்பில் சுற்றும் ‘இரோ’வை அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சமின்றி அணியும்படி ஜிப் வைத்துப் பாவாடையாகத் தைத்தார் ஷாடே. நேரமெடுத்துக் கட்ட வேண்டிய ‘கெலே’ தலைப்பாகையைத் தொப்பிபோல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே கட்டி முடித்தார். ஆண்களின் அகன்ற ‘அக்பாடா’ அங்கியைப் பெண்ணுக்கான பூவேலை உடுப்பாக்கினார். துணிக்கு அவர் வெளிநாடு தேடிப் போகவில்லை. அசோ-ஓகே, அடிரே, அக்வெடே என்று உள்ளூர்த் தறியிலும் சாயத்தொட்டியிலும் பிறந்தவற்றையே எடுத்தார்.

பேருந்தைப் பிடித்து அலுவலகம் போகும் பெண்ணுக்கு அந்தத் துணியை அணிய வழி செய்தார் என்பதுதான் அவர் பங்களிப்பின் எடை. அப்படி ஒருத்தி அணிந்தால்தான் நெய்தவருக்கு மறுநாளும் வேலை இருக்கும்.

இன்று லாகோஸ், டாக்கர், ஜோகன்னஸ்பர்க் தொடங்கி பாரிஸ் வரை எந்த ஆடை அணிவகுப்பிலும் ‘ஆப்பிரிக்க மரபைக் கொண்டாடுவோம்’ என்ற வாசகம் காதில் விழாமல் இராது. 54 நாடுகளும் எண்ணற்ற இனக்குழுக்களும் கொண்ட ஒரு கண்டத்தில் எந்த மரபு, யாருடைய மரபு என்ற கேள்வி உடனே எழ வேண்டும். ஒரு துணியின் கோலத்தை மட்டும் எடுத்து ஆலையில் அச்சடித்தாலும் கொண்டாட்டம் என்கிறார்கள். அதை நெய்யும் கிராமத்தோடு பத்தாண்டுகள் சேர்ந்து உழைத்தாலும் கொண்டாட்டம் என்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பெரிய அநீதி. கடந்த அறுபது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகவே புலப்படும்.

மாலி நாட்டின் பொகோலானை எடுத்துக்கொள்வோம். கையால் நூற்று, குறுகிய பட்டைகளாக நெய்து, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்த பருத்தித் துணி அது. துவர்ப்பு நிறைந்த இலைகளின் சாற்றில் அதை ஊறவைப்பார்கள்; துணி மஞ்சளாகும். குளத்திலிருந்து எடுத்துப் பானையில் நாள்கணக்காகப் புளிக்கவைத்த இரும்புச் சத்துள்ள சேற்றால் பெண்கள் அதன்மேல் எழுதுவார்கள். துவர்ப்பும் இரும்பும் கூடி, கழுவினாலும் போகாத கருமை படியும். கோலத்தை வரைவதில்லை, கோலத்தைச் சுற்றியுள்ள வெளியைத்தான் சேற்றால் நிரப்புவார்கள். எஞ்சும் கோடுகளில் உள்ள மஞ்சளைக் கடைசியில் வெளுக்க வைப்பார்கள். பமானா மக்களிடையே வேட்டைக்காரர்களும், வாழ்க்கையின் முக்கியச் சடங்குகளைக் கடந்த பெண்களும் உடுத்தியது இது. ஒவ்வொரு கோலத்துக்கும் பெயருண்டு, கதையுண்டு. ஆனால் நகரத்தார் கண்ணில் அது பட்டிக்காட்டுத் துணியாகவே நெடுங்காலம் இருந்தது.

அந்தப் பார்வையை இரண்டு தரப்பினர் இரண்டு வழிகளில் மாற்றினார்கள். தலைநகர் பமாக்கோவின் கலைக்கல்லூரியில் படித்த ஆறு இளைஞர்கள் 1978இல் ‘பொகோலான் கசோபானே’ என்ற குழுவை அமைத்தனர். கிராமத்துப் பெண்களிடம் சென்று எந்த இலை, எந்தப் பட்டை, எவ்வளவு நேரம் என்று கற்றார்கள். அந்தச் சாயங்களைக் கொண்டே ஓவியம் தீட்டினார்கள், திரைப்படங்களுக்கு உடையும் செய்தார்கள். இன்னொரு பக்கம், கட்டி என்ற சிற்றூரில் 1949இல் பிறந்து, அபிஜானிலும் பாரிஸிலும் ஆடை வடிவமைப்பாளராகத் தொழில் செய்த கிறிஸ் செய்டூ. பொகோலானை அவர் குட்டைப் பாவாடையாகவும் இடுப்பொட்டிய மேற்சட்டையாகவும் வெட்டியபோது பாரிஸ் வியந்தது. சடங்குப் பொருள் பொதிந்த துணியில் கத்தரி வைக்கலாமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது என்பது நம் கவனத்துக்குரியது. அதனால் ஒரே கோலத்தைத் தனியே பிரித்தெடுத்து, தையலுக்கென்றே எளிமையாக்கிய துணிகளைச் செய்வித்தார். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிந்தவரின் தயக்கம் அது. கோலங்களை இணையத்தில் பார்த்து நகலெடுக்கும் நிறுவனங்களிடம் இந்தத் தயக்கத்தின் சுவடே இல்லை. செய்டூ 1994இல் 45 வயது நிறையுமுன் மறைந்தார். இன்று உலகெங்கும் தலையணை உறையிலும் திரைச்சீலையிலும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம் தென்படுகிறது. அவற்றில் பெரும்பகுதிக்குச் சேற்றுப் பானையோடு எந்த உறவும் கிடையாது.

அரசாங்கம் கட்டளையிட்டு மரபை உடுத்த வைத்த கதையும் உண்டு. 1980களில் புர்கினா ஃபாசோவை ஆண்ட தாமஸ் சங்காரா, உள்நாட்டுப் பருத்தியில் கைத்தறியில் நெய்த ‘ஃபாசோ டான் ஃபானி’யை அரசு ஊழியர்கள் அணிய வேண்டுமென்று ஆணையிட்டார். பருத்தியை மலிவாக ஏற்றுமதி செய்து, துணியை விலை கொடுத்து இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது நியாயமான பொருளாதாரச் சிந்தனை. நெசவுப் பெண்களின் கூட்டுறவுகள் அதனால் பிழைத்தன. ஆனால் ஊழியர்கள் பலர் அந்தச் சட்டையை அலுவலக அலமாரியில் மாட்டிவைத்து, தலைவர் வருகிறார் என்ற செய்தி கிடைத்ததும் அவசரமாக மாட்டிக்கொண்டார்கள். சங்காரா 1987இல் கொல்லப்பட்ட பின் துணியும் பின்னுக்குப் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து, கட்டாயம் எதுவும் இல்லாமல், இளைய தலைமுறை அதைத் தேடி அணிந்தபோதுதான் அது மெய்யாகவே தேசிய உடையானது. இதில் பாத்தேயோ போன்ற தையற்கலைஞர்களின் பங்கு பெரிது. புர்கினாவில் பிறந்து அபிஜானில் கடை வைத்த அவர், நெல்சன் மண்டேலா அணிந்த வண்ணச் சட்டைகள் சிலவற்றைத் தைத்தவர்.

புர்கினாவின் அண்டை நாடான நைஜரில் ஆடை வடிவமைப்பாளர் அல்ஃபாடி வேறொரு துணிச்சலைக் காட்டினார். 1998இல் சகாராவின் திகிதித் மணல்வெளியில் சர்வதேச ஆடை விழாவை நடத்தி, பாரிஸின் பெரிய பெயர்களைப் பாலைவனத்துக்கு வரவழைத்தார். 2000இல் நியாமேயில் விழா நடந்தபோது மதத் தீவிரர்களின் எதிர்ப்பு கலவரமாக வெடித்தது. விழா நிற்கவில்லை.

மரபைக் கற்பித்தவர்களின் பெயர்கள் மேடை வெளிச்சத்துக்கு அவ்வளவாக வருவதில்லை. இந்த வரலாற்றில் மிகுந்த நன்றிக்குரியவர்கள் அவர்களே. நைஜீரியாவின் ஒகிடியில் 1951இல் பிறந்த நிக்கே டேவிஸ்-ஒகுண்டாயே, அடிரேயைத் தன் கொள்ளுப்பாட்டியிடம் கற்றவர். அவுரிச் சாயத்தில் தோயாமல் காக்க வேண்டிய இடங்களை நாரால் இறுகக் கட்டுவது ஒரு வகை. மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் எழுதி உலரவிடுவது இன்னொரு வகை. நிக்கே 1983இல் ஒசோக்போவில் ஒரு பயிற்சி மையத்தை நிறுவி, கட்டணம் வாங்காமல் ஆயிரக்கணக்கானோருக்குச் சாயமும் நெசவும் கற்பித்தார். வந்தவர்களில் பலர் வருமானத்துக்கு வேறு வழியில்லாத பெண்கள். கைத்தொழில் தெரிந்த பெண்ணுக்கு வீட்டில் குரல் உண்டாகும் என்பது அவருடைய நம்பிக்கை. இன்று நைஜீரிய வடிவமைப்பாளர்கள் உலக மேடையில் அடிரேயைக் காட்டுகிறார்கள் என்றால், தொட்டியில் கைவிடத் தெரிந்தவர்கள் இன்னும் இருப்பதுதான் காரணம்.

செனகலின் ஊமு சி பள்ளிப் படிப்பு வாய்க்காதவர். 1952இல் ஆற்றங்கரை ஊரான பொடோரில் பிறந்து தானாகவே தையல் கற்றவர். டாக்கரில் வடிவமைப்பும் உடையலங்காரமும் கற்பிக்கும் பயிலகத்தைத் தொடங்கினார். ஜிப்ரில் தியோப் மாம்பெடியின் ‘ஹயனாஸ்’ படத்துக்கு உடைகள் செய்தார். நாட்டின் முதல் இணைய மையங்களில் ஒன்றையும் 1996இல் அவரே திறந்தார். பழைய அரசிகளின் அணிகளும் கணினித் தட்டுகளும் இடம்பெற்ற அவருடைய படைப்புகளில், மரபு என்பது கடந்த காலத்தோடு முடிந்துவிட்டதல்ல என்ற உறுதி தெரியும். தென்னாப்பிரிக்காவில் எரிகா டி கிரீஃபும் லெசிபா மபிட்செலாவும் இணைந்து நிறுவிய ஆப்பிரிக்க ஆடை ஆய்வு நிறுவனம், அருங்காட்சியகப் பெட்டிகளில் பெயரின்றிக் கிடக்கும் உடைகளை மறுபடி வாசிக்கும் பணியைச் செய்கிறது. ஐரோப்பிய ஆடை வரலாற்றையே முழு வரலாறாகக் கற்பித்த பாடத்திட்டங்களுக்கு இத்தகைய முயற்சிகளே மாற்று.

எது ஆப்பிரிக்கத் துணி என்ற வாதம் ஓயாதது. மேற்கு ஆப்பிரிக்காவின் அடையாளமாக உலகம் அறிந்த பளீர் வண்ண ‘வாக்ஸ்’ துணி, ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் செய்த போலியில் தொடங்கியது. 1846இல் நெதர்லாந்தின் ஹெல்மொண்டில் நிறுவப்பட்ட விலிஸ்கோ இன்றும் அதை அச்சிடுகிறது. கேமரூனில் பிறந்த இமான் அயிசி, 2020 ஜனவரியில் பாரிஸின் உயர்தையல் அதிகாரபூர்வப் பட்டியலில் தன் ஆடைகளைக் காட்டியவர். வாக்ஸ் துணியைக் காலனியத்தின் மிச்சமாகக் கருதி விலக்குகிறார். மரப்பட்டைத் துணி, கானாவின் கெண்டே, ஃபாசோ டான் ஃபானி இவையே அவர் தேர்வு. அவர் கோபம் நியாயமானது. ஆனால் சந்தைக்காரப் பெண்கள் ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர் சூட்டி, கணவனுக்குச் செய்தி சொல்லவும் அண்டை வீட்டாரைக் குத்திக்காட்டவும் பயன்படுத்திய துணியை அந்நியம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. நைஜீரியாவின் லிசா ஃபொலாவியோ 2005 முதல் அதே அச்சுத் துணியின்மேல் மணிகளையும் ஜிகினாவையும் கையால் தைத்து விலையுயர்ந்த உடையாக்கினார். அடிரேயும்கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறக்குமதியான ஆலைத் துணியின் மீதுதான் பெரும் கலையாக மலர்ந்தது.

இந்த வாதத்தில் தமிழ்நாட்டுக் கரைக்கும் ஓர் இடம் உண்டு. மதராஸ் சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி பல நூற்றாண்டுகளாக நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்துக்குப் போயிற்று. அங்குள்ள கலபாரி மக்கள் அதைக் குடும்பப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் செல்வமாக்கினர். கலபாரிப் பெண்கள் அத்துணியில் குறிப்பிட்ட இழைகளைக் கத்தியால் அறுத்து உருவி, நெய்தவர் நினைத்தும் பார்த்திராத புதுக் கோலங்களைச் செய்தார்கள். ‘பெலெடெ பிடெ’ என்ற அந்தத் துணி கலபாரியருக்கே உரியது. வேறெவரும் உரிமை கோர முடியாது. புதுச்சேரியிலிருந்து போன அவுரி நீலத் துணியோ செனகல் ஆற்றங்கரையில் பணமாகவே புழங்கியது. ஊமு சியின் பொடோர் உட்பட அந்த ஆற்றுத் துறைகளில் கருவேலம் பிசினுக்கு மாற்றாக அதைக் கொடுத்தார்கள். கோரமண்டல் துணிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கவும் பயன்பட்டன. நம் நெசவாளர் அறியாமலே அவர் கைவேலை அந்தக் கொடுமையில் கலந்தது என்பதை, மதராஸ் துணியின் பெருமை பேசும்போது மறைத்துவிடக் கூடாது.

ஆகவே துணி எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு மட்டும் தீர்ப்பெழுத முடியாது. அதன் பொருளை யார் முடிவு செய்தார்கள், அதனால் யார் வயிறு நிறைந்தது என்பவையே கேட்க வேண்டியவை.

இந்தக் கேள்விகளுக்கு மிக அழகான விடையொன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. கோசா இனத்து இளைஞர்கள் ஆண்மைச் சடங்கு முடிந்து திரும்பும்போது பழைய உடைகளைத் துறந்து, பல மாதங்களுக்குத் தரமான புதுச் சட்டையும் கம்பளி மேலாடையும் அணிய வேண்டும். அந்தக் கம்பளி உடைகள் பெரும்பாலும் ஐரோப்பியத் தயாரிப்புகளாகவும், அவற்றின் கோலங்கள் ஸ்காட்லாந்து பாணியாகவும் இருந்தன. போர்ட் எலிசபெத்தில் ஆடைத் தொழில் பயின்ற லடூமா ங்கோகோலோவை இது உறுத்தியது. தன் இனத்தின் மணிவேலைக் கோலங்களை உள்நாட்டு மெரினோ கம்பளியிலும் மோஹேரிலும் பின்னி, புதிதாக ஆளான இளைஞனுக்கென ஓர் உடை வரிசையை மாணவர் ஆய்வாகச் செய்தார். ‘மகோசா’ என்ற நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. சடங்குக்குத் தேவையானதைச் சடங்கின் மொழியிலேயே கொடுத்தார் என்பதால் அவருடைய வடிவங்கள் வெறும் அலங்காரமாகத் தேயவில்லை. 2018இல் தன் கோலம் ஸாரா நிறுவனத்தின் காலுறைகளில் இருப்பதைக் கண்டு அவர் புகார் எழுப்பினார்; அந்நிறுவனம் அவற்றை விற்பனையிலிருந்து விலக்கியது. பெயரும் வழக்கறிஞரும் உள்ள ஒருவருக்கு இது முடிந்தது. தனியொருவர் பெயரில் இல்லாத கிராமத்துக் கோலத்துக்காக யார் வழக்காடுவது? கானாவின் கெண்டே நெசவு 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது மதிப்பைத் தரும். ஆலை அச்சில் வரும் போலிக் கெண்டேயை அது தடுக்காது.

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் பிறந்த வடிவமைப்பாளர் தேபே மகூகு, 2019இல் எல்விஎம்எச் பரிசை வென்ற முதல் ஆப்பிரிக்கர். நிறவெறிக் கால உளவுப் பெண் ஒருவரின் கைரேகையைப் புள்ளிகளாக்கித் துணியில் அச்சிட்டார். நிறவெறியை எதிர்த்த ‘பிளாக் சாஷ்’ மகளிர் அமைப்பை நினைவுகூர்ந்து ஒரு தொகுப்பையே செய்தார். மணியும் தோலும் இறகும் மட்டுமே ஆப்பிரிக்க மரபு என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அவர் ஆடைகள் ஏமாற்றம் தரலாம். போராட்டத்தின் நினைவும் காட்டிக்கொடுத்தலின் நினைவும் ஒரு நாட்டின் மரபுச் சொத்துதான்.

ஆடையைத் தாங்கி நடந்த பெண்களின் கதை இன்னும் கூர்மையானது. 1975இல் நைரோபியில் பல்கலைக்கழக மாணவியாக இருந்த சோமாலியப் பெண் இமானைப் புகைப்படக்காரர் பீட்டர் பேர்ட் கண்டார். நியூயார்க்கில் அவரைக் காட்டில் ஆடு மேய்த்தவர் என்று அறிமுகப்படுத்தினார். அவரோ தூதரின் மகள், பல மொழிகள் பேசுபவர். மேற்கின் கற்பனைக்கு ஏற்ற ‘மரபு’ ஒன்றை அவர்மேல் போர்த்தினார்கள். இமான் அந்தப் பொய்யை வெளிப்படையாக மறுத்தார். ஈவ் செயின்ட் லாரன் 1967இல் மரமணியும் நாரும் கொண்டு ஆப்பிரிக்கத் தொகுப்பு செய்தபோது ஆப்பிரிக்கா ஒரு கனவுப் பின்னணியாகத்தான் இருந்தது. பின்னாளில் அவருடைய மேடையில் நடந்த கினியாவின் கடூஷா நியான், சுஞ்சாட்டா காவியத்தை எழுத்தில் பதிந்த வரலாற்றறிஞர் ஜிப்ரில் தம்சிர் நியானின் மகள். சிறுவயதில் தனக்கு நேர்ந்த பெண்ணுறுப்புச் சிதைப்பைப் பற்றி நூல் எழுதி, அந்த வழக்கத்தை எதிர்த்து 2008இல் இறக்கும்வரை போராடினார். மரபைக் கொண்டாடுவோர் அவர் குரலையும் கேட்டாக வேண்டும். உடுத்தத் தகுந்ததும் உண்டு, களைய வேண்டியதும் உண்டு.

போரைத் தப்பி 1991இல் லண்டன் வந்த தெற்கு சூடானின் ஆலெக் வெக், 1997 நவம்பரில் ‘எல்’ இதழின் அட்டையில் வந்தார். கறுத்த தோலும் ஒட்ட வெட்டிய முடியுமாக அவர் நின்ற படம், தன் நிறத்தை வெறுத்துக்கொண்டிருந்த எத்தனையோ சிறுமிகளைத் தொட்டது. கென்ய நடிகை லுபிடா நியோங்கோ 2014இல் அதை மனம்திறந்து சொன்னார். எத்தியோப்பியாவின் லியா கெபெடேயோ இன்னொரு படி சென்றார். எஸ்டீ லாடர் நிறுவனத்தின் முதல் கறுப்பின முகமாக 2003இல் அறியப்பட்ட அவர், தன் நாட்டு நெசவாளர்கள் வாங்குவாரின்றித் தறியை விட்டு விலகுவதைக் கண்டு 2007இல் ‘லெம்லெம்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடிஸ் அபாபாவின் கைத்தறிப் பருத்தியில் வெயில்கால உடைகள் செய்து உலகச் சந்தைக்கு அனுப்பியது அது. முகத்தால் ஈட்டிய புகழைத் தறிக்குக் கூலியாக மாற்றிய செயல் என்று இதைச் சொல்வது மிகையாகாது.

அருங்காட்சியகங்களும் விழித்துக்கொண்டன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2022இல் கிறிஸ்டின் செசின்ஸ்காவின் பொறுப்பில் ‘ஆப்பிரிக்கா ஃபேஷன்’ கண்காட்சியைத் திறந்தது. 20க்கும் மேற்பட்ட நாடுகளின் 45 வடிவமைப்பாளர்கள் இடம்பெற்றனர். ஷாடே, செய்டூ, அல்ஃபாடி, கானாவின் கோஃபி அன்சா எல்லோரும் அங்கே முன்னோடிகளாக நின்றார்கள். அடுத்த ஆண்டு, அடிரேயின் அவுரி நீலத்தைக் கொண்டு ஆண் பெண் பேதமற்ற உடைகள் செய்யும் லாகோஸின் அடேஜு தாம்சன் வூல்மார்க் பரிசை வென்றார்.

பாராட்டுகள் மகிழ்ச்சிக்குரியவை. கணக்கேடு வேறு கதை சொல்கிறது. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி 54 ஆப்பிரிக்க நாடுகளில் 37 பருத்தி விளைவிக்கின்றன; ஆண்டுதோறும் 32 ஆடை வாரங்கள் நடக்கின்றன. ஆனால் ஜவுளி, ஆடை, காலணி ஏற்றுமதி 1,550 கோடி டாலர். இறக்குமதி 2,310 கோடி டாலர். பஞ்சு வெளியே போய்த் துணியாகத் திரும்பி வருகிறது. துணி மட்டுமா வருகிறது? கானாவின் அக்ரா நகரிலுள்ள கண்டமான்டோ சந்தைக்கு மேற்கு நாடுகள் உடுத்திக் கழித்த உடைகள் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. வாரம் ஒன்றரைக் கோடி உருப்படிகள் என்பது அங்கே பணியாற்றும் ‘ஓர் ஃபவுண்டேஷன்’ சொல்லும் மதிப்பீடு. விற்காதவை கடற்கரையில் குப்பையாகின்றன. சில காசுக்குக் கிடைக்கும் பழைய டி-சட்டையோடு, பல நாள் உழைப்பில் உருவாகும் கைத்தறித் துணி எப்படி விலையில் போட்டியிடும்? சந்தையிலிருந்து பொறுக்கிய துண்டுகளைக் கொண்டு புதிய உடை செய்யும் இளம் வடிவமைப்பாளர்கள் கானாவில் பெருகுவதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். 2025 தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் அழிந்தபோது, அங்கே தைத்தும் திருத்தியும் பிழைத்த ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் தொழிலிடம் இழந்தார்கள்.

ஒமொயெமி அகெரெலே 2011இல் தொடங்கிய லாகோஸ் ஆடை வாரம் இந்த நெருக்கடியை எதிர்கொள்ளும் விதம் கவனிக்கத் தக்கது. அங்கே மேடையேற விரும்பும் வடிவமைப்பாளர், கழிவைக் குறைக்கும் நிலைத்த முறையில் தொழில் செய்வதை முதலில் காட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்காக அதற்கு 2025இல் பத்து லட்சம் பவுண்டு மதிப்புள்ள எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. மற்ற ஆடை வாரங்களும் இப்படி நிபந்தனை விதித்தால், துணி எந்த ஊரில் நெய்தது, சாயம் யார் கையில் ஏறியது, அவர்களுக்கு என்ன கூலி என்பதையும் வடிவமைப்பாளரின் பெயருக்குக் கீழே அச்சிட வைக்க முடியும். நைஜீரிய நகரமான அபெயோகுட்டாவின் சாயக்காரப் பெண்களும் கானாவின் போன்வைர் ஊரின் கெண்டே நெசவாளர்களும் இன்றுவரை பெரும்பாலான அணிவகுப்புச் சிற்றேடுகளில் பெயரில்லாதவர்களாகவே இருக்கிறார்கள்.